ஆபீஸ் என்றால் தூக்கு

பாய்,

இன்று காலை எதிர்வீட்டு மாடிக்குத் தேக்கு உத்தரம் ஏற்றினார்கள். கப்பியில் கயிறு கிறீச்சிட, முன்னால் நின்றவன் "ஆபீஸ்!" என்று குரல் கொடுத்தான். காபித் தம்ளரோடு வாசலில் நின்றபடி தனியாகச் சிரித்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "உங்க தோஸ்து ஞாபகமா?" என்றாள். நீ போய் ஏழு மாதமாகிறது. உன்னை நினைத்தால் இன்னும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

ரங்கூனில் பிறந்து, அங்கே ஒரு மரவாடியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும், நடந்தும் ரயிலேறியும் ராயபுரம் வந்து சேர்ந்தேன். அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த "நம்ம நாடு" இதுதான். ஆனால் ஒரு தெருவும் தெரியாது. தெருவில் பேசுவதும் பாதி புரியாது. துறைமுகக் கொட்டகையில் கயிறிழுக்கும் வேலை கிடைத்தது. "ஆபீசுல எடம் காலியானா கூப்புடுறேன்" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

முதல் நாள் நாலு பேர் கயிற்றைப் பிடித்திருந்தோம். மறுமுனையில் பெரிய மரப்பெட்டி. நீ முன்னால் நின்று "ஆபீஸ்!" என்று கத்தினாய். இத்தனை சீக்கிரம் அழைப்பு வந்துவிட்டதே என்று கயிற்றை விட்டுவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு ஆபீசைப் பார்த்து நடந்தேன். பின்னால் பெட்டி தொப்பென்று விழுந்தது. அரை முழம்தான் ஏறியிருந்தது, யாருக்கும் அடியில்லை.

மேஸ்திரி என்னை நாளை முதல் வராதே என்றார். நீ குறுக்கே வந்தாய்.

"இன்னாத்துக்குப்பா கயித்த வுட்ட?"

"நீங்கதானே ஆபீசுக்குக் கூப்பிட்டீங்க?"

வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாய். "மாமு, ஆபீஸ்னா தூக்கு! ஆரியான்னா எறக்கு!" கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் திரும்பினாய். "அண்ணாத்தே, இவனுக்கு பாஷதான் தெர்ல. நாளிக்கும் வுட்டான்னா என்னையும் சேத்து அனுப்பிடு."

அன்று சாயங்காலமே உன் வீட்டுக் கிணற்றடியில் பாடம். நீ "ஆபீஸ்" என்றால் வாளியை இழுத்தேன், "ஆரியா" என்றால் விட்டேன். குடத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை. உன் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றார். "ரெண்டு பேரும் வெள்ளாடிக்கினு கீறீங்களா? சோறாக்கத் தண்ணி வோணாமா?"

"ஆபீஸ், அண்ணி!" என்று பதறிப்போய்க் கத்தினேன். அவரும் சிரித்துவிட்டார். ரங்கூனை விட்ட பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

சண்டை முடிந்து ரங்கூன் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கின. பழைய முதலாளி வரச் சொல்லிக் கடிதம் போட்டார். அதே குமாஸ்தா வேலை. உன்னிடம் காட்டினேன். நீ சிரிக்கவில்லை.

"போறியா?"

"தெரியல பாய்."

"போனா ஷோக்கா போ. ஆனா இன்னிக்கு நீதான் கொரல் குடுக்கணும். எனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு."

தொண்டையெல்லாம் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். முன்னால் போய் நின்றேன். என் குரலுக்கு அத்தனை பேரும் ஒன்றாகச் சாய்ந்து இழுத்தார்கள். நீயும் அவர்களில் ஒருவனாக. மாலையில் முதலாளிக்கு வரவில்லை என்று பதில் எழுதிப் போட்டேன்.

உன்னைத் தூக்கிச் சென்ற அன்று நானும் தோள் கொடுத்தேன். பக்கத்தில் நடந்த பெரியவர் ஒருவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய கதையே சொல்லுவேன். அன்று யோசிக்கக்கூட இல்லை.

"இன்னா கேள்வி பாய் இது? ராயபுரந்தான்" என்றேன்.