வெர்னன் மாமாவின் முகத்தைச் செதுக்கினேன்

ஹார்லன் கிரீக், ஒகையோ
நவம்பர் 2

என் செல்ல கொரினுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல. அந்த நார்வே குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. நீ கேட்ட கம்பளிக் காலுறையைத் தபாலில் அனுப்பிவிட்டேன். மேப்பிள் இலையெல்லாம் கொட்டிவிட்டது, அப்பா பாதியை வாரி வைத்துவிட்டு மீதியைக் காற்று பக்கத்து வீட்டுக்குத் தள்ளட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். நேற்று நீ போனில் ஹாலோவீன் எப்படிப் போனது என்று கேட்டபோது நன்றாகப் போனது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். நன்றாகப் போகவில்லை. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

வருஷா வருஷம் தெருவில் ஒருவர் முகத்தைப் பூசணிக்காயில் செதுக்கி, சாக்கு போட்டு மூடி, ஹாலோவீனுக்கு முந்தின சாயங்காலம் திறப்பேனே, தெருவே கூடி நின்று யார் என்று கண்டுபிடிக்குமே, முகத்துக்குச் சொந்தக்காரருக்கு வறுத்த பூசணி விதை ஒரு ஜாடி பரிசு. எதிர்வீட்டு வெர்னன் மாமா மட்டும் இருபது வருஷமாக என் கத்தியில் சிக்கவில்லை. அடையாளம் சொல்ல ஒரு மச்சம்கூட இல்லாத முகம் என்று நானே அவரைக் கேலி செய்வேன். அவரும் விடாமல், "என் மூஞ்சி என்ன பாவம் பண்ணுச்சு ஆர்லீன்" என்று கேட்பார். ஜூலையில் அவருக்குப் பக்கவாதம் வந்து வாயின் இடப்பக்கம் தொங்கிப்போனதை உனக்கு எழுதியிருந்தேன்.

இந்த வருஷம் அவர் முறை என்று முடிவு செய்தேன். நல்ல மனதோடுதான் செய்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் உனக்குப் பொய் எழுத மாட்டேன். காயைக் குடைந்து, உட்சுவரைச் சுரண்டி, கண்ணும் மூக்கும் வெட்டி முடித்தபோதும் அது யார் முகமாகவும் இருந்திருக்கலாம். வாயை மூன்று தடவை நேராக வரைந்து துடைத்தேன். நாலாம் தடவை இடது ஓரத்தைக் கீழே இழுத்தேன், சட்டென்று வெர்னனே வந்து உட்கார்ந்துவிட்டார். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. அப்பா பார்த்துவிட்டு, வாயை நேராக வெட்டிவிடு என்றார். நேராக வெட்டினால் யாருக்கு அடையாளம் தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

சாக்கை எடுத்து உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றியதும் மூலைவீட்டுச் சின்னப் பெண் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள், அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள். வெர்னன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து, குனிந்து வெகுநேரம் பார்த்தார், பிறகு தன் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகச் செய்திருக்கிறாய் என்று சொல்லி, ஜாடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஹாலோவீன் அன்று அவர் வாசல் விளக்கு எரியவில்லை. முழு சாக்லேட்டாகக் கொடுக்கிற ஒரே வீடு, சின்ன வயதில் நீ முதலில் ஓடுகிற வீடு, அதை இருட்டாகப் பார்த்து, மிட்டாய் கேட்டு வீடு வீடாக வந்த பிள்ளைகள் வாளியோடு தாண்டித் தாண்டிப் போனார்கள். நான் யாருக்கு என்ன கொடுத்தேன் என்றே நினைவில்லை.

நேற்றுக் காலை அந்தப் பூசணியைக் கோடாரியால் உடைத்துப் போட்டுவிட்டு அவர் கதவைத் தட்டினேன். கேலி செய்ய நினைக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், அவரோ உட்காரச் சொல்லிக் காபி போட்டார். குளியலறைக் கண்ணாடியை ஜூலையிலேயே கழற்றிவிட்டாராம், தடவிப் பார்த்துத்தான் சவரம் செய்கிறாராம். திரும்ப மாட்டத் தைரியம் வரவில்லை, என் வார்த்தையே போதும் என்று இருந்தாராம்.

"நீ கேலி பண்ணல. நீ செதுக்குனா அச்சு அசலா இருக்கும்னு தெருவுக்கே தெரியும். ஆனா போன வாரம்கூட, வாய் நேராயிடுச்சு, பாத்தா தெரியவே இல்லன்னு சொன்னியே ஆர்லீன். அத நம்பித்தான் வெளியவே வந்தேன்."

நான்தான் சொன்னேன் கொரின். சூப் கொண்டுபோன ஒவ்வொரு வாரமும் சொன்னேன், அன்பு என்று நினைத்துச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த வாய்ப்பயிற்சியை, அதுதான் சரியாகிவிட்டதே என்று செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டாராம். எவ்வளவு கோணியிருக்கிறது என்று என்னையே கேட்டார். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்து, நிறையவே கோணியிருக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டு, வலது பக்கமாகக் காபியைக் குடித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன் பக்கம் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது முதலில் அவரைப் போய்ப் பார். எப்படி இருக்கிறேன் என்று உன்னையும் கேட்பார். நான் வாரா வாரம் சொன்னதுபோலச் சொல்லிவிடாதே, நீ பார்த்ததைச் சொல்.

என்றும் உன்,
அம்மா
ஆர்லீன்