பதினேழாம் ரூமின் எட்டாவது ஆள்

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கு மானம் போன விதத்தை எழுதி வைக்கிறேன். காலையில் கம்பெனி வேனில் காதில் புளூடூத்தை மாட்டிக்கொண்டு போனில் உளவாளி தொடர் பார்த்துக்கொண்டு போனேன். சத்தம் வரவில்லையே என்று முழுசாகக் கூட்டினேன். வந்தது. காதில் இல்லை, வேன் முழுக்க. "குண்டு இருக்கு! எல்லாரும் ஓடுங்க!"

வேனில் இருந்த முப்பது பேரும் பட்டாசு வேலைக்குப் போகிற ஜனம். டிரைவர் போட்டார் பிரேக். வண்டி நின்றதும் பஞ்சம்மாள் தூக்குவாளியோடு குதித்தே விட்டாள். விஸ்வநத்தம் ரோடெல்லாம் புளிச்சோறு.

"ஏன் அண்ணாச்சி, ஒங்களுக்குப் படம் பாக்க வேற எடமே கெடைக்கலையா? எங்க உசிரை வாங்குறீகளே!"

மத்தியானம் என் சாப்பாட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "சரி, அந்தக் குண்டு வெடிச்சுச்சா இல்லையா?" என்றாள். கடைசி நொடியில் நிறுத்திவிட்டான் என்றேன். "அதானே பாத்தேன்" என்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஜூலை 9, புதன்

பதினேழாம் ரூமில் இன்றைக்கும் எட்டுப் பேர். சுவரில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று பெயிண்டால் எழுதியிருக்கிறது. ரிஜிஸ்டரில் நாலு என்று எழுதி 'செல்வமணி, போர்மேன்' என்று கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மட்டும் அழகு. பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஒரே நல்ல பெயர் அது.

ஜூலை 13, ஞாயிறு

மகள் ஜெபிஷா ஹாஸ்டலில் இருந்து வந்திருந்தாள். நர்சிங் மூன்றாம் வருஷம். கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் நான் போனும் கையுமாக உட்கார, "யப்பா, எல்லாக் கதையும் ஒரே கதைதானே? தாடிக்காரன் குண்டு வைப்பான், கண்ணாடிக்காரன் எடுப்பான். இதுல என்னத்தப் பாக்குறீக?" என்றாள்.

இப்போது யோசிக்கிறேன். என்னத்தைப் பார்க்கிறேன்?

முதலாவது, அதில் ஆபத்து வெளியூரில் இருந்து வருகிறது. கெட்டவனைப் பார்த்ததும் தெரியும், அதற்குத் தகுந்த இசை போடுவான். இரண்டாவது, ஒருத்தன் "இங்கே ஏதோ தப்பு" என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் ஹெலிகாப்டர் வருகிறது. யாரும் "சீசன் முடியட்டும்" என்று சொல்வதில்லை. அப்புறம் அந்தக் கதாநாயகன் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதே இல்லை.

ஜெபிஷாவுக்கு இந்த மாசம் தீக்காய வார்டில் டூட்டி. மீன் குழம்பைத் தொடவில்லை. கிளம்பும்போது, "ஒங்க கம்பெனில எல்லாம் ஒழுங்கா இருக்காப்பா?" என்றாள்.

"சூப்பரா இருக்கு" என்றேன்.

ஜூலை 16, புதன்

எட்டு.

ஜூலை 19, சனி

மனசு சரியில்லை.

இன்றைக்குக் கலந்த வெடிமருந்தை இன்றைக்கே அடைத்து முடிக்க வேண்டும். மிச்சம் விழுந்தால் சாயங்காலமே அழித்துவிட வேண்டும். போர்மேன் பரீட்சையில் நான் எழுதிய முதல் பதில் அது. சாயங்காலம் பதினேழாம் ரூமில் நாலு கிலோ மிச்சம். அழிக்கலாம் என்று எடுத்தேன். மேனேஜர் சரவணக்குமார் வந்தார். இந்த வருஷம் கம்பெனியை உள்குத்தகைக்கு எடுத்திருப்பவரின் ஆள். கெட்டவன் இல்லை. போன கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டில்தான் கேக் சாப்பிட்டார்.

"அண்ணாச்சி, நாலு கிலோவை மண்ணுல கொட்டிட்டு நான் மொதலாளிக்கு என்ன பதில் சொல்ல? மூடி வைங்க. திங்கக்கிழம மொத வேலையா அடைச்சிருவோம்."

"ஈரம் இழுத்துச்சுன்னா சூடேறும் சார்."

"ஆடி மாசம் சிவகாசியில எங்கன இருக்கு ஈரம்?"

சிரித்தார். நானும் சிரித்தேன் — எதுக்குலே சிரிச்ச, செல்வமணி? மூடி வைத்தேன், பூட்டினேன், சாவியைப் பையில் போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

வீடு வந்து சேரும்போது சாரல் விழ ஆரம்பித்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

விடிய விடிய சாரல். பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. நாளைக்குக் காலையில் எட்டுப் பேர் அந்த ரூமுக்குள் போய் அந்த மருந்தை அள்ளி அடைப்பார்கள்.

போன் செய்து புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்கிறது. கேட்டிலேயே பெரிசாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் வந்து பார்ப்பவர்கள் முதலில் எடுப்பது ரிஜிஸ்டரைத்தான். அதில் இரண்டு வருஷமாக நாலு, நாலு, நாலு — எல்லாம் என் கையெழுத்து. காட்டிக் கொடுப்பவனும் நான், மாட்டப் போகிறவனும் நான். சொல்லாமல் இருந்தால்? எழுத மாட்டேன்.

கம்பெனிக்கு சீல் வைத்தால் நூற்றிருபது பேருக்கு வேலை இல்லை. தீபாவளிக்கு இன்னும் மூன்று மாசம்.

மத்தியானம், மிளகாய் வற்றல் வாங்கப் போகிறேன் என்று வீட்டுக்காரியிடம் சொல்லி விருதுநகருக்கு பஸ் ஏறினேன். உளவாளிக் கதையில் என்றால் இதற்கென்று தனி சிம் வைத்திருப்பான். நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம், "என் போன்ல சார்ஜ் போச்சு, ஒரு கால் பேசிக்கிடட்டுமா?" என்றேன். சொல்லும்போதே என் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். தன் போனை நீட்டினார். நல்ல மனுசன்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் எடுத்தார். ரூம் நம்பர், மருந்து, எட்டுப் பேர், எல்லாம் சொன்னேன். "ஒங்க பேர் சார்?" இதை நான் யோசிக்கவே இல்லை! வாயில் வந்தது, "சாலமன்ராஜ்." எங்கள் பாஸ்டர் பேர். ஆண்டவரே மன்னியும்.

மிளகாய் வாங்க மறந்துவிட்டேன். வெறுங்கையோடு போய் வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்

காலை எட்டு மணி வரை யாரும் வரவில்லை. ஹெலிகாப்டர் வேண்டாம், ஒரு ஜீப் வரக்கூடாதா?

பதினேழாம் ரூம் வாசலில் எட்டுப் பேரும், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். சாவி என் சாக்ஸுக்குள். சட்டைப்பை, டவுசர்ப்பை எல்லாம் தேடுகிற மாதிரி தேடினேன். "சாவியை வீட்டிலேயே வச்சிட்டேன் போலிருக்கு."

சரவணக்குமார் எல்லார் முன்னாலேயும் வைதார். "அம்பது வயசாச்சு, அறிவிருக்கா அண்ணாச்சி?" பொம்பளைகள் சிரித்தார்கள். பஞ்சம்மாள், "படம் பாத்துப் பாத்து மூளை கலங்கிருச்சு" என்றாள். தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். எங்கே வைத்தேன், குளியலறையிலா, பைக்கிலா என்று நாற்பது நிமிஷம் இழுத்தேன். பூட்டை உடைக்க ஆள் தேடினார்கள். இரும்பு ஆயுதத்தோடு அங்கே அடிப்பதா? "பொறி பறக்கும்லே!" என்று கத்தினேன். என் குரலே எனக்குப் புதுசாக இருந்தது.

அப்போதுதான் ஜீப் வந்தது.

எல்லாரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பியதும் சாக்ஸில் இருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன், அப்புறம்தான் திறந்தார்கள். மூடியைத் தொட்ட அதிகாரி கையை இழுத்துக்கொண்டார். சூடு. அதை அவர் என்னிடம் மட்டும்தான் மெதுவாகச் சொன்னார். "எப்ப வச்சீங்க?" சொன்னேன். "கையெழுத்து உங்களதா?" ஆமாம் என்றேன்.

வெளியே நின்றவர்களுக்கு எதுவும் தெரியாது. வெடித்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். சீல் வைத்த காகிதம் மட்டும்தான் அவர்கள் கண்ணில் பட்டது.

"எவனோ போன் போட்டுச் சொல்லிருக்கான்" என்றாள் பஞ்சம்மாள். "நம்ம வயித்துல அடிச்ச பய வெளங்குவானா?"

"ஆமா, எவனோ வேலையத்த பய" என்றேன் நான்.

ஜூலை 24, வியாழன்

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். என் மேலும் கேஸ். போர்மேன் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டார்கள். ஜெபிஷா போன் செய்தாள். "எட்டுப் பேரைப் போட்டு நாலுன்னா எழுதுனீக?" என்றாள். ஆமாம் என்றேன். மிச்சத்தையும் சொல்ல வாயெடுத்தேன். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேலை இல்லை. பாஸ்டரைப் பார்த்தால் வேற தெருவில் போகிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலண்டர் அச்சகத்தில் தேதித்தாள் அடுக்குகிற வேலை. சம்பளம் பாதி. காகிதம், அதனால் பயம் இல்லை. பஞ்சம்மாளும் இங்கே வந்து சேர்ந்துவிட்டாள், அடுத்த மேஜை.

அக்டோபர் 17, வெள்ளி

திங்கள் தீபாவளி. இந்த வருஷம் போனசும் இல்லை, பட்டாசுப் பெட்டியும் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். பஞ்சம்மாள் மகன் போனை வாங்கி வந்திருந்தாள். நான் பார்த்த அதே தொடர், கடைசிப் பகுதி. நான் ஜூலைக்கு அப்புறம் பார்க்கவே இல்லை.

"முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. அம்புட்டுப் பேரையும் காப்பாத்திட்டு, ஒருத்தர்ட்டயும் சொல்லாம ரயில் ஏறிப் போறான். கிறுக்குப் பய. சொன்னா மாலை போட மாட்டாகளா?"

"போடுவாகளா, பஞ்சம்மா?"

"ஏன் போட மாட்டாக? உசிரைக் காப்பாத்திருக்கான்ல?" கண்ணைத் துடைத்தாள். அழுதிருக்கிறாள். அடுத்த நிமிஷமே, "நமக்கும் ஒருத்தன் வாய்ச்சானே, போன் போட்டுப் பொழப்பைக் கெடுத்தவன். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். எம் மகளுக்கு ஒரு பாவாடை எடுக்க வழியில்லாமப் பண்ணிட்டான்."

சொல்லிக்கொண்டே தூக்குவாளியைத் திறந்து, பாதிப் புளிச்சோற்றை என் டிபன் மூடியில் வைத்தாள். "ஒங்களுக்கும்தான் பாவம் கேஸு, கீஸுன்னு. சாப்பிடுங்க."

வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டேன். நல்லவேளை, வாய் நிறைஞ்சிருந்துச்சு. இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன் — தினமும் அந்த ரூம் வாசல்ல நின்னு நான் எண்ணும்போது, எட்டாவதா வந்து நின்னது நீதான் பஞ்சம்மா.