ஏரித் தண்ணீருக்கு ஆறு சீட்டு

பாய்,

இப்படித்தான் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். நீ போய்ச்சேர்ந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் உன் தம்பி கடம்பத்தூரில் ரயில் இறங்கி, ஒரு தகர டப்பாவோடு என் வாசலில் வந்து நிற்பான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். கிழமையைக்கூடச் சொன்னேன். டப்பாவைத் திறந்தால் உன் அத்தர் வாசனை. உள்ளே ஆறு புளியங்கொட்டை, அதில் ஒன்று மட்டும் தேய்த்து வெளுத்தது. உன் திருவள்ளூர்க் கடைக்குக் கைலி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இதைக் கொட்டிக் காட்டி என் கதையைத்தான் சொல்வாய் என்றான் உன் தம்பி. அதுவும் நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவன் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ சைக்கிளில் கைலி மூட்டையோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த காலம். வியாபாரம் முடிந்து ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போது எதை எடுத்தாலும் கணக்காக்கிவிடுவாய். நானும் எட்டாம் வகுப்பை மற்றவர்களைப் போல் ஒரே தடவையில் விடாமல் இரண்டு தடவை படித்தவன். அதனால் நம் இருவருக்கும் பொருந்திப்போனது. மூன்று சட்டையும் நாலு கைலியும் இருந்தால் எத்தனை நாள் ஜோடி மாற்றி உடுத்தலாம் என்று கேட்டாய். ஏழு என்றேன். ஒரு சட்டைக்கு நாலு கைலி, மூன்று சட்டைக்குப் பன்னிரண்டு ஜோடி என்று மூட்டையைப் பிரித்தே காட்டினாய். அந்த ஏழு, உன்னைச் சோதிக்கச் சொன்னது.

என் பங்காளியையும் நீ விடவில்லை. வரப்புத் தகராறில் அவனும் நானும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அவனும் நானும் நீயும் ஒரே பெஞ்சில் எத்தனை விதமாக உட்காரலாம் என்றாய். ஆறு என்றேன், இந்தத் தடவை சோதிக்காமல். அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றால்? நான் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் நீயே சொல்லிவிட்டாய்.

"ரெண்டே விதம் நைனா. ரெண்டுலயும் நடுவுல மாட்டிக்கினு முழிக்கிறது நான்தான்."

வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷம் இருக்கும், ஐப்பசி மழை ஏமாற்றியது. பயிர் கதிர் விடும் நேரத்தில் ஏரியில் ஒரே ஒருவர் நிலத்துக்கு ஆகிற தண்ணீர்தான் கிடந்தது. மதகை நம்பி இருந்தவர்கள் ஆறு பேர். பங்கிட்டால் யாருக்கும் உதவாது என்று சீட்டு எழுதினார்கள். ஐந்து வெற்றுச் சீட்டு, ஒன்றில் 'தண்ணீர்', எல்லாவற்றையும் மடித்து ஒரு பானையில் போட்டார்கள். எனக்கு அந்த ஒரு துண்டு நிலம்தான். அது காய்ந்தால் அந்த வருஷம் வீட்டில் நெல் இல்லை. பங்காளிக்கும் அதே கதி.

பானைக்குள் யார் முதலில் கை விடுவது என்பதில் எங்களுக்குள் மூண்டது. மூன்று வருஷம் பேசாதவன் அன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

"நீ மொதல்ல எட்த்துக்கினு பூட்டா எங்களுக்கு இன்னா மிஞ்சும், பானையா?"

அவன் தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கினான். நானும் இறக்கினேன். சுற்றிலும் நூறு பேர். நீ இருபது என்பாய். ஆடு மாடுகளை நீ சேர்ப்பதில்லை.

நீ சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடுவில் வந்தாய், கணக்கில் சொன்ன மாதிரியே. மரத்தடியில் ஆறு புளியங்கொட்டை பொறுக்கி, ஒன்றைக் கல்லில் வெளுக்கத் தேய்த்து, எல்லாவற்றையும் உன் தொப்பியில் போட்டுக் குலுக்கினாய். ஆறு பேரும் பார்க்காமல் வரிசையாக ஒவ்வொன்று எடுத்துக் கையை மூடிக்கொள்ளச் சொன்னாய்.

"மொதல்ல எட்த்தது யாரு, கடைசில எட்த்தது யாருன்னு கொட்டைக்குத் தெரியுமா? இப்போ இருக்கிறது ஆறு மூடின கை. வெள்ளைக்கொட்டை எந்தக் கையில வேணா இருக்கலாம். அல்லாருக்கும் ஆறுல ஒண்ணுதான். இதுக்கு இன்னாத்துக்குப்பா பேஜாரு?"

பங்காளி தன் மூடின கையையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அது உறைக்க அவனைவிடக் குறைந்த நேரமே பிடித்தது.

"நீயே மொதல்ல எட்றா," என்றேன். "நான் கடைசில எட்த்துக்கறேன்."

மண்வெட்டிகள் தோளுக்கு ஏறின. மணியக்காரர் வந்த பிறகுதான் சீட்டு எடுக்க முடியும். உனக்கோ வண்டிக்கு நேரமாகிவிட்டது. கொட்டைகளைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சைக்கிளை மிதித்தாய்.

மறுவாரம் மூட்டையை இறக்குவதற்கு முன்பே கேட்டாய். ஐந்து பேர் எடுத்தார்கள், ஐந்தும் வெற்று, கடைசிச் சீட்டை நான் பிரிக்கக்கூட இல்லை, மணியக்காரர் எழுந்து நின்றுவிட்டார் என்றேன். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். "பாத்தியா நைனா, கடைசில நின்னா ஒண்ணும் கொறைஞ்சி பூடல," என்றாய்.

இப்போதும் ஊரில் சீட்டு என்றால் நான் கடைசியில்தான் நிற்கிறேன். வந்த வருஷமும் உண்டு, வராத வருஷமும் உண்டு. யாரும் யாரையும் முந்தித் தள்ளுவதில்லை. பங்காளியும் பேசுகிறான். இதெல்லாம் நான் செய்தது என்றுதான் வெளியில் சொல்வேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது, பாய். அன்றைக்குத் தண்ணீர்ச் சீட்டு எனக்கு வரவில்லை. முதலில் கை விட்ட பங்காளிக்கு வந்தது. உன் கணக்கில் தப்பில்லை. அவனுக்கும் ஆறில் ஒன்றுதான் இருந்தது, அது விழுந்தது. ஆனால் அதைச் சொல்லியிருந்தால், உன் பேச்சைக் கேட்டுத்தான் நான் வழி விட்டேன் என்று நினைத்து நீ இந்தப் பக்கம் வருவதையே நிறுத்தியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? காய்ந்த நிலம் நீ வரும் பாதையில் இல்லாதது என் நல்ல காலம். மற்ற ஐந்து பேரிடமும் உன் காதில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் தலையாட்டியவன் பங்காளி. அந்த வருஷம் முழுக்க நாங்கள் தின்றது கேழ்வரகுக் களி. நீ வந்த நாட்களில் என் வீட்டில் உன் இலையில் விழுந்த சோறு, அவன் நெல்.