முன் இடது சக்கரம்

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. காலையிலிருந்து மேகம் மட்டும். நெற்றியில் வீக்கம், வேறு காயம் இல்லை. எழுத முடிகிறது.

நடந்தது: நேற்று மாலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கார் வந்தது. முன்பக்கம் பிரேக் மாற்றியிருந்தார்கள். இன்று காலை நானும் என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லாவும் வழக்கம்போல அட்டுவம்பட்டியிலிருந்து மன்னவனூர் பள்ளிக்கு. பூம்பாறை தாண்டி ஒரு வளைவு. முன் இடது சக்கரம் கழன்று, எங்களுக்கு முன்னால் ரோட்டில் தனியாக ஓடியது. அதை இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கார் மேட்டில் மோதி நின்றது. பள்ளத்துப் பக்கமாக இழுத்திருந்தால் இதை எழுத ஆளில்லை.

ஸ்டெல்லாவுக்கு வலது மணிக்கட்டு முறிவு. மாவுக்கட்டு. ஆறு வாரம்.

கேரட் லாரிக்காரர் ஒருவர்தான் ஏற்றிக்கொண்டு வந்தார். "வீல்ல ஒரு நட்டு கூட இல்லயேம்மா. எவன் மாட்டுனது?"

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பூம்பாறை வருவதற்கு முன்பே சத்தம். கடக், கடக். ஸ்டெல்லா ஜன்னலில் சாய்ந்து தூக்கம். பிரேயருக்கு நேரமாகிவிட்டது. நிறுத்தவில்லை.

நவம்பர் 5, புதன்

விடுப்பு. ஹெச்.எம்.முக்குத் தகவல் சொல்லியாயிற்று. பால் வாங்க மறந்தேன்.

ஒர்க்‌ஷாப். முதலாளி ராஜேந்திரன் உட்காரச் சொல்லவில்லை.

"நாலு நட்டும் டைட் பண்ணித்தான் அனுப்புனோம் டீச்சர். ராத்திரி ரோட்டு மேலதான நிறுத்துனீங்க? எவனாச்சும் கழட்டிருப்பான்."

"நட்டக் கழட்டுனவன் சக்கரத்த விட்டுட்டா போவான்?"

"அப்ப எங்கிட்டாச்சும் இடிச்சிருப்பீங்க. பொம்பளைக வண்டி ஓட்டுனா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. மெக்கானிக் சிவலிங்கம் அண்ணன் உள்ளே ஒரு ஜீப்புக்கு அடியில். குரல் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

திண்டுக்கல்லில் வேலையிலிருக்கும் என் வீட்டுக்காரர் போனில். "முன்னாடியே எதுவும் தெரியலயா? சத்தம் கித்தம்?"

"இல்ல."

சட்டென்று வந்துவிட்டது.

நவம்பர் 8, சனி

தூறல். துணி காயவில்லை.

செய்ய வேண்டியவை:
உடைந்த இடத்தை போட்டோ எடுக்க – முடிந்தது
ஒர்க்‌ஷாப் சங்கத் தலைவரிடம் புகார் – எழுதிக் கொடுத்தாயிற்று
ஸ்டெல்லா வீடு

ஸ்டெல்லா இடது கையால் பையனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வகிடு கோணல். அவள் வீட்டுக்காரர் எனக்கு நாற்காலி துடைத்துப் போட்டார். "நீங்க மட்டும் பள்ளத்துப் பக்கம் விட்டிருந்தா டீச்சர், நெனச்சாலே நடுங்குது. தெய்வம் மாதிரி திருப்புனீங்க."

திருப்பவில்லை. கார் தானாகப் போய் மோதியது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காப்பி வந்துவிட்டது. குடித்தேன்.

தலைவரிடமிருந்து போன். ஞாயிறு 16ஆம் தேதி இரு தரப்பும் வர வேண்டும்.

நவம்பர் 12, புதன்

பஸ்ஸில் பள்ளிக்குப் போய்வருகிறேன். கால் வலி. ஆறாம் வகுப்பு கணக்குத் தாள் இன்னும் திருத்தவில்லை.

மாலை பஸ்ஸை விட்டு இறங்கினால் ஸ்டாப்பில் சிவலிங்கம் அண்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். தப்பு என்று அவருக்கு வராது, பிழை என்றுதான் சொல்வார்.

"பிழை என்னோடதுதான் டீச்சர். நட்ட கையால மாட்டிட்டேன், ஸ்பேனர் போட்டு இறுக்கல்ல. அந்த நேரம் பாத்து சம்சாரத்துக்கு முடியல்லன்னு போன் வந்துச்சு. நீ போ, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்னாரு முதலாளி. அவரும் மறந்துட்டாரு போல."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"அன்னைக்கே சொன்னேன். வாயத் தெறக்காதன்னுட்டாரு. ஞாயித்துக்கெழம நான் வந்து சொல்லுறேன்."

"வேலை போயிருமேண்ணே."

"போகும்தான். அந்த டீச்சரம்மா கையப் பாத்த பொறகு சும்மா இருக்க முடியல்ல."

சந்தோஷப்பட வேண்டும். கேஸ் என் பக்கம். வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். திண்டுக்கல்லிலிருந்து இவர் வந்திருக்கிறார். சங்கத் தலைவர் கடை மாடியில் எல்லாரும். ஸ்டெல்லாவும் அவள் வீட்டுக்காரரும் எனக்காகச் சாட்சி சொல்ல.

சிவலிங்கம் அண்ணன் எழுந்து, நடந்ததை அப்படியே சொன்னார். ராஜேந்திரன் முகம் கறுத்துவிட்டது. "இவன்தான் காரணம்னா இவனக் கேளுங்க. இன்னையோட இவனுக்கும் எனக்கும் சோலி இல்ல."

தலைவர் என்னிடம் திரும்பினார். "டீச்சர், ஒரு பேச்சுக்குக் கேக்கேன். வண்டில முன்னக்கூட்டியே எதுவும் தெரிஞ்சுச்சாம்மா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சிவலிங்கம் அண்ணன் இன்னும் நின்றுகொண்டே இருந்தார், கையில் துணிப்பை.

"தெரிஞ்சுச்சு. சத்தம் கேட்டுச்சு. நேரமாச்சுன்னு நிறுத்தல."

இவர் என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா பார்க்கவில்லை.

ராஜேந்திரன் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா! பாத்தீங்களா!"

"ஒக்காருப்பா," என்றார் தலைவர். "நீ இறுக்காம விட்டதாலதான சத்தமே வந்துச்சு?"

முடிவு: காரை ராஜேந்திரன் தன் செலவில் வேறு ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்து தர வேண்டும். ஸ்டெல்லாவின் வைத்தியச் செலவில் பாதி அவர் தர வேண்டும், மீதிப் பாதி என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

முடிவை எழுதிய கடிதத்தில் "மெக்கானிக் சிவலிங்கத்தின் கவனக்குறைவால்" என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் "ஒர்க்‌ஷாப்பின் கவனக்குறைவால்" என்று மாற்றினார்கள். அவருக்கு வேலை போனது போனதுதான். அதை மாற்ற வழி தெரியவில்லை.

படியிறங்கும்போது ஸ்டெல்லா, மெதுவாக: "வீட்டுக்கு வந்தீங்கல்ல. அன்னைக்கே சொல்லிருக்கலாம் டீச்சர்."

வீட்டுக்கு வந்ததும் இவர், "சாப்பிடு" என்றார்.

டிசம்பர் 1, திங்கள்

நல்ல குளிர். கார் சனிக்கிழமை வந்துவிட்டது. பெயிண்ட் கொஞ்சம் வேறு நிறம். சிவலிங்கம் அண்ணனுக்குப் பாச்சலூர் பக்கம் ஒரு ட்ராக்டர் ஷெட்டில் வேலையாம். கேள்விப்பட்டதுதான்.

காலையில் வெள்ளனே கிளம்பினேன். ஸ்டாப்பில் ஸ்டெல்லா. விபத்துக்குப் பிறகு அவளுக்கு இன்றுதான் பள்ளி. கட்டோடு வருகிறாள். நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"இல்ல டீச்சர், நான் பஸ்லயே வந்துர்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கதவை இடது கையால் அவளே மெல்லச் சாத்தினாள்.

பஸ் வந்தது. கடைசி ஜன்னலில் அவள். மன்னவனூர் வரை அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். பூம்பாறையில் பஸ் டிரைவர் கையைக் காட்டி வழிவிட்டார். முந்தவில்லை.