மணத்தக்காளியும் நான் சொன்ன பொய்யும்

கூடப்பிறக்காமலே எனக்கு அக்காவாகிவிட்ட பிலோமினாவுக்கு,

இன்றைக்கு லீவு. கிழமை முழுக்க இரண்டு ஷிப்ட் பார்த்த உடம்பு எழும்ப மறுக்கிறது. லண்டன் பிளேஸ்டோ அறையில் படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

எண்பத்தொன்பதில் கெண்ட் பண்ணைக்குக் களை பிடுங்க வேனில் போவோமே, நினைவிருக்கிறதா? வெங்காயப் பாத்திக்குள் மணத்தக்காளியைக் கண்டதும் உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. சிலுவை போட்டுவிட்டுத்தான் செடியைத் தொட்டீர்கள். "பொழுதுபட்டா ஆயக்கூடாது, செடி உறங்கும்" என்று அவசரப்பட்டு இலையைப் பைக்குள் போட்டீர்கள்.

சூப்பர்வைசர் ஓடிவந்து, விஷம் என்று கத்தினார்.

"இது வாய்ப்புண்ணுக்கு மருந்தெண்டு அந்தாளுக்குச் சொல்லடி."

உங்களுக்கு ஆங்கிலம் வராது. எனக்கோ வேலை போய்விடுமென்ற பயம். வெட்கமும்தான். இவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் பிடுங்கிவிட்டார் என்று சொன்னேன். அவர் உங்கள் பையைக் குப்பையில் கொட்டினார். என் குரலிலேயே உங்களுக்கு விளங்கியிருக்கும். திரும்பி வரும்வரை வெறும் பையை மடியில் வைத்திருந்தீர்கள். என்னை ஏசியிருக்கலாமே அக்கா?

இரண்டு வருடம் கழித்து, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி உங்கள் வாயெல்லாம் புண். "தண்ணியும் இறங்குதில்லை. அந்த இலை கிடைக்குமோடி?" என்றீர்கள். ஷிப்டைச் சாட்டி மூன்று ஞாயிறுகளைக் கடத்தினேன். நாலாவது ஞாயிறுதான் ரயிலேறினேன்.

அதே சூப்பர்வைசர்தான் நின்றார். அன்று நான் சொன்னது பொய், அக்காவுக்கு எல்லாம் தெரியும், ஊரில் இதைச் சமைத்துச் சாப்பிடுவோம் என்றேன். நம்பினாரோ தெரியாது. பாத்தியெல்லாம் களைக்கொல்லி அடித்துக் கருகிக் கிடந்தது. வேலியோரத்தைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

அங்கே கிடைத்த இலையில் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்துக் கொண்டுவந்தேன். இரண்டு கரண்டிதான் குடித்தீர்கள்.

"அந்தாளுக்குச் சொன்னியோ?"

"ஓம் அக்கா, சொன்னன்."

"அப்ப சரி."

புண் ஆறவில்லை. பத்து நாளில் போய்விட்டீர்கள். முதல் ஞாயிறே போயிருந்தால்?

இப்போது ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறேன். நம் ஆட்கள் வந்தால் மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். போன கிழமை ஒரு அம்மா, மஞ்சள்காமாலைக்குக் கீழ்க்காய்நெல்லி அவித்துக் குடித்ததாகச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார்.

எவ்வளவு களைத்திருந்தாலும், இனி ஒருவருடைய சொல்லையும் நான் விழுங்கமாட்டேன், அக்கா.

உங்கள் தங்கச்சி,
கமலா