மிளகு பறிக்க மரம் ஏறிய அம்மாவுக்கு

அம்மா,

இன்று காலை கடைத்தெருவுக்குப் பின்னால் ஒருத்தி பச்சை மிளகைக் கொத்தோடு சாக்கில் கொட்டிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கார வாசம் மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். மிளகு பறிக்கும் மாதங்களில் உன் புடவையில் இதே வாசம்தான் வரும். உன் மடியில் தலை வைத்தால் எனக்குக் கண் எரியும்.

மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் பறிக்க ஏறி, விழுந்து அப்பா இறந்தபோது நான் நான்காம் வகுப்பு. நாங்கள் குடியிருந்த லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம்; காரியம் முடிந்த மறுநாளே எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வந்துவிட்டார். பொல்லாதவர் இல்லை, தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

“மரமேற ஆம்பள ஆள் இருக்கற குடும்பத்துக்குத்தாம்மா லைன் ஊடு. நொம்ப நாள் என்னால தள்ளிப்போட முடியாது.”

“நான் ஏறறனுங்க” என்றாய்.

கிளியூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா எழுந்து குதித்தார். “புருசனத் தின்ன மரத்துல பொம்பள ஏறறதா? ஊரு சிரிக்கும்.”

“ஏனுங்க, சிரிக்கறவங்க ஊட்டுலயா எம்புள்ளைக்குச் சோறு வச்சிருக்குது?”

அப்பாவின் கால்சட்டையைப் புடவைக்கு உள்ளே போட்டுக்கொண்டு, இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு போனாய். ரைட்டர் உயரம் குறைந்த மரமாகப் பார்த்துக் காட்டினார். நீ அப்பா விழுந்த மரத்திலேயே ஏணியைச் சாத்தினாய். “இதுல ஏறிட்டா மத்ததுக்குப் பயமில்லீங்க.” காப்பிச் செடிகளுக்கு நடுவே பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பை நிறைந்து நீ இறங்கியபோது உன் முழங்கால் இரண்டும் நடுங்கின.

“குளுருது கண்ணு, வேற ஒண்ணுமில்ல” என்றாய். வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது உன்னைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாம் “பாவம், கஷ்டப்பட்ட பொம்பள” என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. நீ எந்த நாளில் பாவமாக இருந்தாய்?

என்னைச் சேலத்தில் கட்டிக்கொடுத்தாய். அடி பொறுக்காமல் கைக்குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது, நீ பேத்தியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் சுட வைத்தாய். அடுத்த வாரம் பெரியப்பா என் மாமனார் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தார். “ஒரு அடி வாங்கினா ஊட்ட உட்டு வந்துடறதா?” என்றார்.

“அவ வந்திருக்கறது எங்கூட்டுக்குங்க. இது நான் மரமேறிக் காப்பாத்துன ஊடு. இதுல இருந்து அவள யாரும் கூட்டிட்டுப் போவ முடியாது.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கான பதிலைக்கூட நீதான் சொன்னாய். எனக்கு அப்போது வாயே வராது.

நான் லாட்ஜில் வேலைக்குப் போனேன். பேத்தியை நீ வளர்த்தாய். மழைநாளில் சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டு, அதற்குள் அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய். பழுத்த காப்பிப் பழத்தைப் பிதுக்கி, அந்தத் தித்திப்பை அவள் சப்பக் கொடுப்பாய். அவள் சிரித்தால் போதும், தோட்ட வேலையின் அலுப்பெல்லாம் உன் முகத்திலிருந்து போய்விடும்.

வளர்ந்ததும் அவள் ஜீப் ஓட்டப் போகிறேன் என்றாள். மலை ரோட்டில் பொட்டப்பிள்ளையா என்று பெரியப்பா மறுபடியும் வந்தார். நீ வெளுத்து மடித்த புடவையைக் கட்டிக்கொண்டு அவள் ஓட்ட எடுத்த ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாய். “அடிவாரம் வரைக்கும் போயிட்டு வரலாம், ஓட்டு சாமி.” வண்டி என்றாலே வாந்தி எடுக்கிறவள் நீ. வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, கடைவீதியில் எல்லோரும் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பி வந்தாய்.

சேலம் ஆஸ்பத்திரியில் உன் மூச்சு அடங்கியது. “என்னைய மேல நம்மூட்டுக்கே கொண்டு போயிருங்க” என்று அதற்கு முந்தின நாளே சொல்லியிருந்தாய். உன்னை ஜீப்பில் ஏற்றினோம். பேத்தி சாவியை எடுத்தாள். பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

“பொட்டப்புள்ள பொணத்த ஓட்டிட்டு வர்றது நம்ம வழக்கமில்ல. இங்கயே அடக்கம் பண்ணிருங்க.”

 பதில் சொல்கிற நீ துணிக்குள் கிடந்தாய். வேறு யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் இல்லை.

“எங்கம்மாவ எம்புள்ளதான் கூட்டிட்டுப் போவா. வர்றதுன்னா ஏறுங்க பெரியப்பா. இல்லீன்னா வழி உடுங்க.”

என் குரல் எல்லோருக்கும் கேட்டது. பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு பின்பக்கம் போய், தட்டுத் தடுமாறி ஏறி, உன் காலடியில் உட்கார்ந்தார். மலை ஏறும்வரை உன் காலில் வைத்த கையை எடுக்கவில்லை. உன் பேத்தி ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினாள். வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திய பிறகுதான் அழுதாள்.

அன்று திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை அம்மா. லாட்ஜ் மேனேஜர் இப்போதெல்லாம் வேலைக்காரப் பெண்களைத் திட்டுவதற்கு முன்னால் நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று பார்க்கிறார். பெரியப்பாவோ, “இவ அப்படியே அவங்கம்மா” என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார்.

குறை என்றே நினைத்துக்கொள்ளட்டும்.