சுவாமி இளைப்பாறும் நேரம்

1996 பங்குனி (மார்ச்) 18, திங்கள்

கொழும்பு மத்திய வங்கிக்குக் குண்டு வைத்த வருஷம் இது. தை முடிகிற அன்று வெடித்தது. மாசி முழுக்கத் தமிழனைத் தேடித் தேடி ஜீப்பில் ஏற்றினார்கள். நேற்று லாகூரில் எங்கள் நாடு கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்றதாம். கொட்டாஞ்சேனை முழுக்கப் பட்டாசு. முதல் வெடிக்கே என் மருமகன் கிளெமென்ற் மேசைக்குக் கீழே போய்விட்டான். பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். மாசியில் பொலிஸில் ஆறு நாள் இருந்து வந்தவன். அங்கே அடித்த அடியில் இடது காது கேட்காது. வெடி மட்டும் எப்படியோ கேட்கிறது.

எனக்கு எழுத்து வராது. துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கோதுமை மா மூட்டை தூக்கினேன். கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரல். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் மேல்மாடி அறையில் இருக்கும் நவரத்தினம். யாழ்ப்பாணத்துச் சைவர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணை, நீங்க கதைக்கிற மாதிரியே எழுதினா ஆரும் வாசிக்கமாட்டினம். கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவன்" என்றார்.

திருத்தட்டும். கோபத்தை மட்டும் திருத்தக்கூடாது.

பங்குனி 24, ஞாயிறு

இன்று காலை என் மகள் பேர்ணடெற் சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைக் கழற்றினாள். மாதா சுரூபம், அந்தோனியார் சுரூபம் இரண்டையும் இறக்கினாள். மூன்றையும் துடைத்து என் கட்டிலில் வைத்தாள்.

"அப்பா, இதுகள் உங்கட. எங்களுக்கு இனி வேண்டாம்."

புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே லொறி நிறுத்தும் கராஜ் ஒன்றில் செபக்கூட்டம். கை தட்டிப் பாடுகிறார்களாம். அதை நடத்தும் பாஸ்டர்தான் மாசியில் இவளோடு பொலிஸ் வாசலில் நாலு நாள் இருந்து, சிங்களத்தில் கதைத்துக் கிளெமென்றை வெளியே எடுத்தவர்.

"அந்தாள் தமிழனோ சிங்களவனோ?" என்று கேட்டேன்.

"மனுசன்" என்றாள்.

என்ன பதில் அது? ஞானஸ்நானம் பெற்று, முதல் நன்மை வாங்கி, எங்கள் கோயிலிலேயே தாலி கட்டினவள். நாலு தலைமுறை! ஒரு காலையில் துடைத்து வைத்துவிட்டுப் போகிறாள்.

எங்கள் கோயில் பாதிரியார், சுவாமி, கடிதம் தராத கோபம் என்று ஒழுங்கைச் சனம் கதைக்கிறது. "இவன் என் பங்கைச் சேர்ந்தவன், நல்லவன்" என்று சுவாமி ஒரு கடிதம் கொடுத்தால் பொலிஸில் விடுவார்கள். அதே கிழமை பிடிபட்ட இரண்டு பேர் அப்படித்தான் மறுநாளே வந்தார்கள். கிளெமென்றுக்குக் கடிதம் போகவில்லை.

கதைக்கட்டும். நான் வாய் திறக்கவில்லை.

பங்குனி 26, செவ்வாய்

அந்தோனியார் இன்னும் என் கட்டிலில்தான். கால் நீட்ட இடமில்லை.

பங்குனி 31, குருத்து ஞாயிறு

ஓலையோடு தனியே வந்தேன். வீட்டில் ஒருவரும் ஓலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அறிய இந்தப் பங்கை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! என்னோடு மூட்டை தூக்கிய இராஜநாயகம் ஐம்பத்தோராம் வருஷம் போனான். ஞானஸ்நானம் கொடுக்குமுன் செத்த அவன் குழந்தையைச் சவக்காலை வேலிக்கு வெளியே தாழ்க்கச் சொன்னார்கள். மண்வெட்டியைப் பிடித்தவன் நான். அவன் அதற்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்கவில்லை. இன்னொருத்தன், தையல்காரன், ஜிந்துப்பிட்டியில் சைவப் பெண்ணை எடுத்தான் என்று பிரசங்கத்தில் அவன் பெயரைச் சொல்லி ஏசினார்கள். அவனுடைய தாய் அப்போது முன் வரிசையில் முழங்காலில் இருந்தாள்.

ஒருவனும் ஆண்டவரோடு சண்டை பிடித்துப் போகவில்லை. இதைச் சொன்னதும் நவரத்தினம் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஏன் பார்க்கிறார்? எனக்கென்ன தெரியும்.

சித்திரை 3, புதன்

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. திரும்பி நடந்து வந்துவிட்டேன். சுவாமியைப் பற்றிச் சுவாமியிடமே எப்படிச் சொல்வது? இங்கே சொல்லிவிடுகிறேன்.

சுவாமி கடிதம் தர மறுக்கவில்லை. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மாசி 13. கிளெமென்றைப் பிடித்த மறுநாள். அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது, அதுதான் குற்றம். பேர்ணடெற் பொலிஸ் வாசலில் நின்றாள். கடிதத்துக்கு என்னை அனுப்பினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டதும் பக்கத்து வீட்டு ஸமீமாவிடம் விட்டுவிட்டு ஒன்றரைக்குச் சுவாமி இருக்கும் அறைவீட்டு வாசலுக்குப் போனேன். அங்கே சங்கிலியோடு ஒரு மணி தொங்குகிறது. ஒன்றிலிருந்து நாலு வரை சுவாமி இளைப்பாறும் நேரம். சாகக் கிடப்பவர் இருந்தாலொழிய அந்த மணியை அடிக்கக்கூடாது. எழுதி ஒட்டியிருக்கவில்லை. என் அப்பா சொன்னது.

ஜப்பான்காரன் கொழும்புக்குக் குண்டு போட்டதும் ஒரு பாஸ்கு ஞாயிறுதான். எனக்குப் பதினெட்டு வயது. கெட்டிச் சுவர் அறைவீட்டுக்குத்தான் என்று அப்பா எங்கள் ஏழு பேரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடிப்போய் மாமரத்துக்குக் கீழே நிறுத்தினார். "சுவாமி சாப்பிடுறார். சத்தம் போடாதேங்கோ." துறைமுகப் பக்கம் புகை எழும்புகிறது. நாங்கள் மரத்தடியில் நிற்கிறோம்.

நானும் வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். நாலு மணிக்குச் சமையல்காரி வந்து, சுவாமி பின்வாசலால் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றாள். மறுநாளும் அதே நேரம், அதே வாங்கு. அதற்கு மறுநாளும். வீட்டுக்கு வந்து "சுவாமி இல்லை பிள்ளை" என்றேன். அந்த மூன்று நாளில்தான் அவனுடைய காது போனது.

நவரத்தினம் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"மூண்டு நாளும் அடிக்கேல்லையோ?"

"இல்லை."

"ஒருக்காக் கூடவோ?"

"எழுதும் தம்பி."

"அண்ணை, நான் சைவம். மன்னிக்கிற அதிகாரம் எனக்கில்லை."

"மன்னிக்கச் சொன்னனானோ? எழுதத்தானே சொன்னனான்."

சித்திரை 5, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிடப் போனேன். முழங்கால் மடியவில்லை. நின்றபடியே தொட்டுவிட்டு வந்தேன்.

சித்திரை 7, பாஸ்கு

பேர்ணடெற் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். மணி, வாங்கு, மூன்று நாள், எல்லாம்.

அவள் கத்தியைக்கூட நிறுத்தவில்லை. "தெரியும் அப்பா."

"என்ன தெரியும்?"

"பங்குனித் தொடக்கத்தில சுவாமி இவரைப் பார்க்க வந்தவர். நீங்க அண்டைக்குப் பொரளைக்கு, கண் ஆசுபத்திரிக்குப் போயிருந்தீங்க. 'ஏன் என்னட்ட வரேல்லை, ரெண்டு நிமிச வேலையெல்லோ' எண்டு கேட்டவர். சமையல்காரி உங்களை மூண்டு நாளும் கண்டவளாம். கிழவன் மணி அடிக்கேல்லை, அப்ப அவசரமில்லை எண்டு நினைச்சாளாம்."

கத்தினேன். "அப்ப பிழை என்னிலதானே! என்னை ஏசு. வீட்டை விட்டுத் துரத்து. கோயிலை ஏன் விட்டனி? சுவாமி என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. அவர் நல்லவர்."

"பிறகென்ன?"

அப்போதுதான் கத்தியை வைத்தாள். "எழுபத்திரண்டு வயசு. மருமகனை அடிக்கிறாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு மணியைத் தொடப் பயந்து மூண்டு நாள் வாங்கில இருந்தீங்க. நல்ல சுவாமி உள்ளுக்கு இருக்கேக்கையே இந்தப் பயம். உங்களில எனக்குக் கோபமில்லையப்பா. அந்தப் பயத்தை என்ர பிள்ளையளுக்குப் பழக்கமாட்டன். அவ்வளவுதான்."

மீன் பொரித்துத் தந்தாள். சாப்பிட்டேன். ஏசியிருந்தால் நித்திரை வந்திருக்கும்.

சித்திரை 28, ஞாயிறு

தனியே பூசைக்குப் போனேன். அவர்கள் பஸ்ஸுக்கு, நான் கோயிலுக்கு. ஒழுங்கை முனை வரை ஒன்றாக நடந்தோம். கிளெமென்றின் வலது பக்கமாக நடந்தேன். அந்தப் பக்கம்தான் கதைக்கலாம்.

வைகாசி 11, சனி

பின்னேரம், கிளெமென்ற் வேலையால் வருமுன், கோயில் உபதேசியார் வந்தார். பங்கில் வீட்டுக்கொரு குடும்ப அட்டை உண்டு, அதைப் புதுப்பிக்கிறார்களாம்.

"ஐயா, மகள் பூசைக்கு வாறேல்லை எண்டு கேள்வி. சுவாமியைக் கூட்டிக்கொண்டு வந்து கதைக்கட்டோ? மனம் மாறக்கூடும்."

குசினியில் குழாய்ச் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"வேண்டாம்" என்றேன். "அவள் யோசிச்சுத்தான் போனவள். ஆள் அனுப்பி அவளைக் கரைச்சல்படுத்த வேண்டாம். சுவாமி வாறதெண்டா என்னைப் பார்க்க வரட்டும். எனக்கும் அவரோட கதைக்க இருக்கு."

"அப்ப அட்டையில என்ன போட?"

"பெயரை வாசியுங்கோ, சொல்லுறன்."

அவர் வாசித்தார். அப்பா அந்தோனிமுத்து, அம்மா செபமாலை: சிலுவை போடச் சொன்னேன். மனைவி றஞ்சிதம், எண்பத்தொன்பதில்: சிலுவை. மூத்தவன் யோக்கிம், எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வேலைக்குப் போய் வராதவன். அவர் பேனையைத் தூக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருஷமாக அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அதற்கும் சிலுவை போடச் சொன்னேன். பேர்ணடெற், கிளெமென்ற், பிள்ளைகள் இருவர்: கோடு.

"கோடு நானே போடவோ ஐயா? பிறகு என்னில பழி வரக்கூடாது."

பேனையை வாங்கினேன். வாழ்நாளில் முதல் தரம். நாலு பெயரின் மேலும் அவர் விரல் காட்டிய இடத்தில் இழுத்தேன். கோணலாகத்தான் போனது. குசினியில் குழாய் திரும்பத் திறந்தது.

உபதேசியார் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப உயிரோட, பங்கில மிச்சம் ஆர்?"

"சந்தியாப்பிள்ளை" என்றேன். "நான்தான்."